நிமிடத்தை விழுங்கும் வெட்டுக்கிளி

பொய் நேரம் காட்டும் கடிகாரத்துக்குப் பத்து லட்சம் பவுண்டா என்று நண்பர் கேட்டார். கேம்பிரிட்ஜில் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரி நூலகத்தின் தெருமுனையில் இருக்கிறதே, அந்தக் கார்பஸ் கிளாக்கைத்தான் சொல்கிறார். 2008ல் ஸ்டீபன் ஹாக்கிங் திறந்துவைத்தது. செலவு என்னவோ உண்மைதான், ஆனால் இரும்பிலும் தங்கத்திலும் இப்படி ஒரு சிலேடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஊசல் ஒருமுறை ஆடினால் சக்கரத்தில் ஒரு பல் மட்டும் நகர வேண்டும், அந்தக் காவல் வேலையைச் செய்யும் உறுப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் செய்த ஒரு வகையின் கால்கள் தத்தித் தத்திப் போவதால் அதை வெட்டுக்கிளி என்றே ஆங்கிலத்தில் அழைத்தார்கள். கார்பஸ் கிளாக்கை உருவாக்கிய ஜான் டெய்லர் என்ன செய்தார்? கடிகாரத்துக்குள் ஒளிந்திருக்கும் அந்த உறுப்பை வெளியே இழுத்து, நிஜமாகவே ஒரு பூத வெட்டுக்கிளியாக்கி உச்சியில் உட்கார வைத்துவிட்டார்! வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கால் மாற்றிக் கால் வைத்துப் பற்களின் மேல் நடக்கிறது, கண் சிமிட்டுகிறது, நிமிடம் முடியும் நேரத்தில் திறந்த வாயை லபக்கென்று மூடுகிறது. குரோனோஃபேஜ், அதாவது காலந்தின்னி, என்று பெயர். சூரியனை ராகு விழுங்குவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியமில்லை.

கீழே ஒன்றரை மீட்டர் தங்க முலாம் தட்டு, முள் கிடையாது, துளைகளுக்குப் பின்னால் நீல ஒளி ஓடுகிறது. தட்டில் நடுவிலிருந்து கிளம்பும் அலைகள் பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பைக் குறிக்கின்றனவாம். மணி அடிக்கும்போது உள்ளே இருக்கும் மரச் சவப்பெட்டியில் சங்கிலி விழும் சத்தம், அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சரி, பொய் நேரம்? வேண்டுமென்றேதான். திடீரென்று தயங்கும், பிறகு ஓடிப் பிடிக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் துல்லியமாக இருக்கும். ராகு காலம் கழியட்டும் என்று பெட்டியோடு வாசலில் நின்றவரிடம் ஒன்றரை மணி நேரத்தின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கடிகாரத்தின் கணக்கைத்தான் சொல்வார்.

இன்னொரு குறும்பு: செய்தவர் பெயரை லத்தீனில் சார்டோர் என்று பொறித்திருக்கிறார்கள். தையற்காரர் என்று பொருள். டெய்லர்தானே!

அந்த டெய்லர் காசு பார்த்தது மின்சார கெட்டில்களைச் சூடேறியதும் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட்டில். அதைத் தெரிந்துகொண்டதிலிருந்து, காலையில் எங்கள் வீட்டுக் கெட்டில் டக்கென்று அணையும்போதெல்லாம் வெட்டுக்கிளி வாயை மூடியதுபோலவே இருக்கிறது.