அந்த அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கு

ஞாயிற்றுக்கிழமை தோட்ட மண்டபத்துல நடந்த மார்பகப் புற்றுநோய்க் கூட்டத்து வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. "மமோகிராம் ரிப்போர்ட்ல மார்பு அடர்த்தி கூடன்னு போட்டிருக்கே, அது என்ன?"ன்னு ஒரு அக்கா எழும்பிக் கேட்டாங்க. "அது இளமைக்கு அடையாளம்"னு மேடையில இருந்து பதில் வந்துச்சு. மண்டபமே சிரிச்சது. அக்கா தலையைக் குனிஞ்சு உட்கார்ந்துட்டாங்க. பிறகு, "கையால தடவிப் பாருங்க, கட்டி இல்லைன்னா பயமில்லை"ன்னு கூட்டத்தை முடிச்சிட்டாங்க.

இது சிரிக்கிற விஷயமே இல்லை. மமோகிராம்ங்கிறது மார்பை எக்ஸ்ரே படம் எடுக்கிறது. அந்தப் படத்துல கொழுப்பு கறுப்பாத் தெரியும். பால் சுரப்பியும் நார்த்திசுவும் வெள்ளையாத் தெரியும். இந்த வெள்ளை கூட இருக்கிறதைத்தான் அடர்த்தி கூடன்னு சொல்றாங்க. புற்றுக்கட்டியும் வெள்ளைதான். அடர்த்தி கூடின மார்புல சின்னக் கட்டியைத் தேடுறது பனிமூட்டத்துல வெள்ளை மாட்டைத் தேடுற மாதிரி. 40 வயது தாண்டின பெண்கள்ல கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த அடர்த்தி இருக்கு. நோய் வர்ற வாய்ப்பையும் அது கொஞ்சம் கூட்டும். மார்பு பெருசா சிறுசா, கெட்டியா மெதுவாங்கிறதை வச்சு அடர்த்தியைச் சொல்ல முடியாது. கையால தடவித் தெரியாது. படத்துலதான் தெரியும்.

ரிப்போர்ட்ல ஏ, பி, சி, டின்னு நாலு வகை. சி, டி ரெண்டும் அடர்த்தி கூடினது. உங்களுக்கு எதுன்னு கேளுங்க. சி, டின்னா "அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுக்கணுமா?"ன்னு கேளுங்க. மமோகிராம்ல தப்புற சில கட்டிகள் ஸ்கேன்ல அகப்படும். தீங்கில்லாத கட்டியும் அகப்பட்டு, ஊசி குத்திப் பார்க்கச் சொல்லலாம். மமோகிராம் எடுக்கிற நாள்ல அக்குள்ல பவுடர் போடாதீங்க, அது படத்துல புள்ளியா விழும். பழைய படங்களைக் கையோட கொண்டு போங்க.

"கையால பார்க்காதேன்னு சொல்றீங்களா?"ன்னு கேட்பாங்க. இல்லை. நம்ம இலங்கையில எல்லாருக்கும் மமோகிராம் எடுக்கிற திட்டம் கிடையாது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) நடத்துற பெண்கள் கிளினிக்கான வெல் வுமன் கிளினிக்ல இலவசமா கையாலதான் பார்க்கிறாங்க. கட்டாயம் போங்க. மாதவிடாய் முடிஞ்ச சில நாள்ல நடு மூணு விரலால அக்குள் வரைக்கும் நீங்களும் தடவிப் பாருங்க. கட்டி, தோல்ல குழி, புதுசா உள்ள இழுத்த காம்பு, காம்புல இரத்தம், ஆறாத புண் இருந்தா, வலி இல்லாட்டியும் காட்டுங்க. மமோகிராம் "கிளியர்"னு வந்திருந்தாலும் திரும்பக் காட்டுங்க. "எங்க பரம்பரையில இல்லை"ன்னும் இருக்காதீங்க, இந்த நோய் வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பரம்பரையில இல்லை.

"தோட்டத்துப் பொம்பளைகளுக்கு இதெல்லாம் விளங்காது"ன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்கார். கேள்வி கேட்டதே ஒரு தோட்டத்துப் பொம்பளைதானே ஐயா! விளங்காதது அவங்களுக்கு இல்லை. கிளினிக் வைக்கிறது வேலை நாள்ல. போனா அன்னைக்குப் பேர் இல்லை, அதாவது அன்னைக்குச் சம்பளம் இல்லை. ரிப்போர்ட் இங்கிலீஷ்ல, விளக்கம் சிங்களத்துல. இத்தனையையும் தாண்டி மமோகிராம் எடுத்துட்டு வந்து கேட்டவங்களை உட்கார வச்சுட்டோமேங்கிறதுதான் எனக்குத் தாங்கல.

அடுத்த கூட்டத்துல மைக்கை முதல்ல மிட்வைஃப் கையில குடுங்க. கிளினிக் நாளுக்கு முழுப் பேர் போடச் சொல்லி நிர்வாகத்துக்கிட்டக் கேளுங்க. அந்த அக்காவோட ரிப்போர்ட்ல சியா டியான்னு யாராவது உட்கார்ந்து தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க, இந்த வாரமே.