கூசிக் கோட்டையின் கற்குவியலைத் தொடாதீர்கள்

பாழடைந்த கோட்டை ஒன்றின் படத்தைப் போட்டாலே, "இதைத் திரும்பக் கட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். பிரான்சின் கூசிக் கோட்டை விஷயத்தில் எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

பாரிசுக்கு வடகிழக்கே, பிகார்டிப் பகுதியில் ஒரு குன்றின் முனையில் இருக்கிறது கூசி. 1220களில் மூன்றாம் ஆங்கெரான் என்ற பிரபு கட்டியது. நடுவில் நின்ற வட்டக் கோபுரம் ஏறக்குறைய 55 மீட்டர் உயரம், 31 மீட்டர் விட்டம். பாரிசில் அரசர் இரண்டாம் பிலிப் எழுப்பிய லூவ்ர் கோபுரத்தின் விட்டம் அதில் பாதிதான். அரசனைவிடப் பெரிதாகக் கட்டிக்கொள்ளும் துணிச்சல் ஒரு பிரபுவுக்கு இருந்திருக்கிறது!

1652இல் பிரான்சின் முதலமைச்சராக இருந்த கார்டினல் மசாரின் கோட்டையைச் செயலிழக்கச் செய்ய ஆணையிட்டார். கோபுரம் தப்பியது. 1692இல் வந்த நிலநடுக்கத்தில் அதில் விரிசல் விட்டது, அப்போதும் விழவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் இரும்புப் பட்டைகள் போட்டு அதை இறுக்கிக் கட்டினார்.

அப்புறம் 1917 மார்ச், முதல் உலகப் போர். ஹிண்டன்பர்க் அரண் என்ற தன் தற்காப்புக் கோட்டுக்குப் பின்வாங்கிய ஜெர்மானியப் படை, போகிற போக்கில் 28 டன் வெடிமருந்து வைத்துக் கோபுரத்தைத் தகர்த்தது. நான்கு மூலைக் கோபுரங்களும் அதோடு போயின. கோட்டையை விட்டுவிடலாம் என்று ஜெர்மானியத் தளபதியான பவேரிய இளவரசர் ருப்ரெக்டே கேட்டுப் பார்த்தார். ஜெர்மானியத் தலைமைத் தளபதிகளில் ஒருவரான லூடன்டார்ஃப் இசையவில்லை. ஏழு நூற்றாண்டு நின்ற கட்டடம் நொடியில் கற்குவியலானது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அதே ஆண்டு அந்த இடிபாட்டைக் காட்டுமிராண்டித்தனத்தின் நினைவிடமாக பிரான்ஸ் அறிவித்தது. போருக்குப் பிறகு கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் சுவர்களை வலுப்படுத்தினார்கள்; நடுக்கோபுரத்தின் கற்களை விழுந்த இடத்திலேயே விட்டார்கள். மிகச் சரியான முடிவு என்பேன். அந்தக் குவியலை அள்ளிவிட்டுப் புதிய கோபுரம் எழுப்பினால், 1917இல் நடந்ததற்கான சாட்சி அங்கே இருக்காது.

2019இல் எரிந்த பாரிசின் நோத்ர் தாம் தேவாலயத்தை மட்டும் மீட்டுக் கட்டினார்களே என்று கேட்கலாம். அது தீ விபத்து. சுவர்களும் மணிக்கோபுரங்களும் நின்றன, வழிபாடு நடந்துகொண்டிருந்த கோயில். கூசியில் யாரும் குடியிருக்கப் போவதில்லை. கோட்டை முழுமையாக எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையா? அதே வட்டாரத்தில் பியர்ஃபோன் இருக்கிறது. மூன்றாம் நெப்போலியனுக்காக வியோலே-லெ-துக் இடிபாட்டிலிருந்து மீட்டெடுத்த கோட்டை. அழகுதான். ஆனால் அங்கே எது இடைக்காலத்தது, எது அவருடைய கற்பனை என்று சாதாரணப் பார்வையாளரால் பிரித்தறிய முடியாது.

சரி, இடிபாட்டை அப்படியே விடுவது என்றால் சும்மா விட்டுவிடுவது இல்லை. கூரையில்லாத சுவரின் தலையில் மழைநீர் இறங்கும். குளிரில் அது உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். இடுக்கில் விழுந்த விதை வேர்விட்டுச் சாந்தைத் தின்னும். சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம், ஈரம் உள்ளேயே தங்கி சுண்ணாம்புக்கல் உதிரும். சுண்ணாம்புச் சாந்தை நிதானமாகப் பூசத் தெரிந்த கொத்தனார்தான் வேண்டும், அதுவும் விடாமல் வேண்டும். இந்த வேலைக்குத் திறப்பு விழா கிடையாது, அதனால் பணம் கேட்டால் கிடைப்பதும் கடினம். கோபுரம் கட்டும் கனவுக்குச் செலவழிக்க யாரிடமாவது பணம் இருந்தால், முதலில் இந்தக் கொத்தனார்களின் சம்பளத்துக்குக் கொடுக்கட்டும்.