பேரூராட்சித் தலைவர் இறந்தால் பதவி மனைவிக்கு வருமா?

வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பதவியில் இருக்கும் பேரூராட்சித் தலைவர் இறந்தால், மீதிக் காலத்துக்கு மனைவியோ மகனோ தலைவராகலாம், தேர்தல் தேவையில்லை." இது தவறு.

கருணை அடிப்படையிலான வேலை அரசு ஊழியர் குடும்பத்துக்கு உண்டு. அதை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். தலைவர் ஊழியர் அல்ல, மக்கள் பிரதிநிதி.

அவர் இறந்தால் இரண்டு இடங்கள் காலியாகின்றன: அவருடைய வார்டு, தலைவர் நாற்காலி. 2022 பிப்ரவரி 19-இல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்களைத்தான். தலைவர்களை அந்தக் கவுன்சிலர்கள் மார்ச் 4-இல் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே குடும்பத்தினர் தலைவராக வேண்டுமானால், மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தும் இடைத்தேர்தலில் நின்று முதலில் கவுன்சிலராக வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதென்றால் மகன் மனுவே போட முடியாது. வார்டில் ஜெயித்தாலும் நாற்காலி தானாக வராது. அதற்குக் கவுன்சிலர்கள் வாக்களிக்க வேண்டும். அதுவரை துணைத் தலைவர் பொறுப்பைப் பார்ப்பார்.

குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் ஓடியாடி உழைத்தவருக்கு மரியாதை செய்ய நினைப்பது நியாயம்தான். மன்றக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அவர் முடித்த பணிகளைப் பெயர் சொல்லி அதில் எழுதச் சொல்லுங்கள். பொதுச் சாலையில் சிலை மட்டும் வேண்டாம். அதற்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே உத்தரவிட்டிருக்கிறது.