குழந்தை வாசிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் வீட்டில் வாசிக்க வைக்கிறீர்களா என்று கேட்டால், "தினமும் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க வைக்கிறோம், பிழை வந்தால் அங்கேயே திருத்திவிடுகிறோம்" என்று பெருமையோடு சொல்கிறார்கள். அங்கேயே திருத்தும் இந்தப் பழக்கம்தான் வீட்டு வாசிப்பைக் கெடுக்கிறது என்பது, ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் எடுத்தவள் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

247 எழுத்துகளையும் அடையாளம் கண்டுவிட்டால் எழுத்துக்கூட்டிப் படிப்பது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். 'கொடி' என்ற சொல்லைப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. இரண்டையும் நடுவிலுள்ள ககரத்தோடு சேர்த்துப் பிடித்த பிறகே 'கொ' பிறக்கிறது. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' என்னும் மூன்றிலும் அதே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதற்கான விதியை ஆறு வயதுக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லை முன்பே காதால் கேட்டிருப்பதால் நாக்கு சரியான ஒலிக்குப் போய்விடுகிறது. கேட்டறியாத சொல்லில்தான் அது தடுக்கி நிற்கிறது. ஆகவே பிள்ளையை வாசிக்கச் சொல்வதற்கு முன்னால் பெரியவர்கள் கதைகளை வாசித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரிந்துவிட்டது என்பதற்காக மூன்றாம் வகுப்போடு அதை நிறுத்திவிடவும் கூடாது.

எல்லாப் பிழையும் ஒரே தரத்தவை அல்ல. 'நரி ஓடிவிட்டது' என்று அச்சிட்டிருப்பதைக் குழந்தை 'நரி ஓடிருச்சு' என்று வாசித்தால், அது எழுத்துத் தமிழைப் புரிந்துகொண்டு தன் பேச்சுக்கு மாற்றியிருக்கிறது என்று பொருள். அதைத் தண்டிப்பது அறிவீனம். றகர ரகர மயக்கத்தை அப்போதைக்கு விட்டுவிடலாம். ஆனால் படத்தைப் பார்த்து 'நரி' என்பதை 'நாய்' என்று வாசித்தால், வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து, அந்தச் சொல்லை இன்னொரு முறை பார்க்கச் சொல்ல வேண்டும். நடுவில் திணறினால் சற்றுக் காத்திருங்கள். வரவில்லையென்றால் சொல்லை நீங்களே சொல்லிவிட்டு மேலே போக விடுங்கள். ஒரு சொல்லுக்காக நான்கு முறை எழுத்துக்கூட்ட வைத்தால், அதற்குள் கதை மறந்துபோகும்.

பாடப் புத்தகத்தை மட்டும் நம்புவதிலும் எனக்கு உடன்பாடில்லை. வகுப்பில் பல முறை கேட்ட பாடத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். விரல் ஒரு வரியிலும் வாய் இன்னொரு வரியிலும் இருக்கும். நடுவிலுள்ள ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்துக்காக 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நிலை பிரித்து வெளியிட்ட சிறு புத்தகங்கள், பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் 'ஊஞ்சல்' சிறுவர் இதழ், ஊர்ப்புற நூலகத்தின் சிறுவர் பகுதி, கைப்பேசியில் இலவசமாகத் தமிழ்க் கதைகள் கிடைக்கும் ஸ்டோரிவீவர் தளம் என்று வழிகள் இருக்கின்றன. ஒன்றுமே இல்லாவிட்டாலும் பேருந்தின் பெயர்ப் பலகையும் மளிகைக் கடைச் சீட்டும் வாசிப்புக்கு ஆகும்.

தமக்கே எழுத்துத் தெரியாது என்று தயங்கும் தாய்மார்களையும் பாட்டிமார்களையும் நிறையச் சந்தித்திருக்கிறேன். பாடம் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலையல்ல. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும், மறு ஆண்டு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் கற்பிக்கும் வேலைக்காக ஏற்பட்டவை. வீட்டில் தேவைப்படுவது கேட்கும் ஆள். வெங்காயம் உரித்துக்கொண்டே "அப்புறம் அந்த நரி என்ன பண்ணுச்சு?" என்று கேட்கும் பாட்டி அந்த வேலையைச் சரியாகவே செய்கிறாள். (படித்த தகப்பன்மார்தான் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்க வேண்டியிருக்கிறது.)

நாளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். குழந்தை போதுமென்றால் கதை பாதியில் நின்றாலும் மூடிவிடலாம். இப்படித் தொடர்ந்து செய்தும் மூன்றாம் வகுப்பு முடியும் தறுவாயில் எளிய சொற்களைக்கூடச் சேர்த்து வாசிக்க முடியவில்லையென்றால், டியூஷனில் சேர்ப்பதற்கு முன்னால் கண் பார்வையையும் காது கேட்கும் திறனையும் பரிசோதித்துவிட்டு வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்.