ரைமரை அமத்த முதல் ஆளைக் கேளுங்கோ

ஞாயிற்றுக்கிழமை கிறவுண்டில எங்கட தம்பிமாரின்ர குழு ஒண்டு நடத்தின உடற்பயிற்சிப் போட்டியில ஒரு பெடியன் விழுந்து ஆஸ்பத்திரியில கிடக்கிறதைப் பற்றி எழுதக்கூடாது எண்டுதான் மூண்டு நாளா இருந்தனான். வீடியோவை எல்லாரும் பாத்திட்டியள், நான் திருப்பிப் போடேல்லை. ஆனா முந்தாநாள் இரவு அந்தக் குழுவின்ர பக்கத்தில வந்த பதிவின்ர கடைசி வரியை வாசிச்ச பிறகு எனக்கு நித்திரை வரேல்லை. “மனவலிமை இல்லாதவர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.” தம்பிமார், அந்த வரியை நேற்றுக் காலமை அழிச்சிட்டியள். அழிச்சாலும் நான் வாசிச்சிட்டன். என்னைப் போல கனபேர் வாசிச்சிட்டினம்.

முதலே சொல்லிப்போடுறன். ரைமர் வைச்சுச் செய்யிற இந்தக் கடும் பயிற்சிக்கு நான் எதிரானவள் இல்லை. ஒண்டரை வருசமா கிழமையில நாலு பின்னேரம் நானும் போறன். குந்தி எழும்புறன், யூரியாப் பையில மண் நிரப்பித் தோளில வைச்சு நடக்கிறன், பழைய உழவு மெசின் ரயரைப் பிரட்டுறன். எனக்கு ஒரே ஒரு விசயத்தோடதான் கோவம். முன்னுக்கு நிக்கிறது ஆர், அந்த ஆளுக்கு என்ன வருத்தம், நேற்று என்ன சாப்பிட்டது, முதல் நாளோ நூறாவது நாளோ எண்டு ஒண்டும் கேக்காமல் ரைமரை அமத்துறது. ஆளைக் கேளுங்கோ. பிறகு அமத்துங்கோ. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. ஆனா இவ்வளவோட நிப்பாட்டினா “அக்காவுக்குப் பொறாமை” எண்டு எழுதுவினம், அதால முழுக்கச் சொல்லுறன்.

எனக்கு முப்பத்தாறு வயசில சீனி வருத்தம் எண்டு கிளினிக்கில சொல்லிச்சினம். வெறுவயித்தில 168. அம்மாவுக்கும் இருந்தது, அம்மம்மாவுக்கும் இருந்தது, எனக்கும் வந்திட்டுது எண்டு குளிசையை வாங்கிக்கொண்டு வந்தன். பேந்துதான் எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு தங்கச்சி தொடங்கின பின்னேர வகுப்புக்குப் போனன். பதினொரு பொம்பிளையள். எட்டு மாசத்தில 121. குளிசையை நான் நிப்பாட்டேல்லை, டொக்டர்தான் குறைச்சவர். இதில மந்திரம் ஒண்டும் இல்லை. தசை வேலை செய்யேக்க, இன்சுலின் சரியா வேலை செய்யாட்டிலும், ரத்தத்தில இருக்கிற சீனியை இழுத்து எடுக்கும். பெரிய தசையளை ஒண்டாச் சேர்த்து வேலை வாங்கினா இன்னும் கூட இழுக்கும். தனிய நடக்கப் போனா மூண்டாம் நாள் மழை, நாலாம் நாள் விருந்தாள் எண்டு நிண்டுடும். பத்துப் பேர் பாத்துக்கொண்டிருந்தா நிக்காது. நித்திரையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. 2009 சண்டைக்குப் பிறகு நான் விடிய விடிய முழிச்சிருந்த ஆள். இப்ப பத்து மணிக்குக் கண் சொருகுது.

அந்தத் தங்கச்சி முதல் நாள் என்ன செய்தவ தெரியுமோ? ஒரு சி.ஆர். கொப்பியை விரிச்சு வைச்சு ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேட்டவ. பிறசர் இருக்கோ, சீனி இருக்கோ, பிள்ளை சிசேரியனோ, நாரி நோகுதோ. கடைசியா ஒண்டு கேட்டவ: “அக்கா, உடம்பில செல் துண்டு ஏதும் இருக்கோ?” சண்டையில பட்ட எறிகணைத் துண்டைத்தான் கேட்டவ. இந்தப் பயிற்சியைக் கண்டுபிடிச்ச ஊரில எழுதின எந்தப் படிவத்திலயும் அந்தக் கேள்வி இருக்காது. வன்னியில இருக்கத்தான் வேணும். பதினொரு பேரில நாலு பேர் ஓம் எண்டு சொன்னம். எனக்கு இடது தோளில ஒண்டு. எடுக்கப் போனா நரம்பு பழுதாகும், விடுங்கோ எண்டு டொக்டர் விட்டது. ஒரு அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழ பொய்க்கால். அவவுக்குக் குந்தி எழும்புறதுக்குப் பதிலாக் கதிரையில இருந்து எழும்புறது. எண்ணிக்கையும் வேற, நேரமும் வேற. ஆனா வட்டம் ஒண்டுதான். எல்லாரும் ஒண்டாத் தொடங்கி ஒண்டா முடிப்பம்.

ஏன் இதை இவ்வளவு நீட்டிச் சொல்லுறன் எண்டா, மூண்டு வருசத்துக்கு முதல் வவுனியாவில வேற ஒரு இடத்துக்கு நான் போனனான். பேர் சொல்ல மாட்டன். முதல் நாளே கெற்றில்பெல் எண்ட இரும்புக் குண்டைத் தந்து தலைக்கு மேல தூக்கச் சொன்னவர். ஆறாவது தரம் கை விறைச்சிட்டுது. சின்னி விரலில இருந்து முழங்கை மட்டும் உணர்ச்சி இல்லை. நான் குண்டைக் கீழ வைச்சிட்டு நிண்டன். அவர் கிட்ட வந்து, எல்லாருக்கும் கேக்கச் சத்தமா, “வலி எண்டது பலவீனம் உடம்பை விட்டு வெளிய போறது. இன்னும் எட்டு, அக்கா” எண்டார். முன்னுக்கு இருபது பேர் பாத்துக்கொண்டு நிண்டினம். நான் அந்த எட்டையும் செய்தனான். அதுக்குப் பிறகு பத்து நாள் என்ர மகளுக்குத் தலை இழுத்துவிட ஏலாமல் போச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளையட்ட அனுப்பித்தான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னிக் கட்டி விட்டனான். பலவீனம் வெளிய போகேல்லை தம்பி, இரும்புத் துண்டு உள்ளுக்கு இருக்குது. நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வாறன். காண்டாவன வெயில். நேரம் பத்தரை. நூறு பேர்பி முடிச்சா ஒரு ரீசேட். பேர்பி எண்டா தெரியாதவைக்கு: குந்தி, கையூண்டி, காலைப் பின்னுக்கு எறிஞ்சு, நெஞ்சு மண்ணில பட்டு, எழும்பித் துள்ளுறது. இதின்ர முதல் வடிவத்தை உண்டாக்கினது றோயல் பேர்பி எண்ட அமெரிக்கர், 1930களில. ஆளின்ர உடம்பு எப்பிடி இருக்கெண்டு அளக்கிறதுக்கு ஒரு சோதனையா உண்டாக்கினவர். எத்தினை தரம் செய்யச் சொன்னவர் தெரியுமோ? நாலு. செய்ய முன்னமும் செய்தாப் பிறகும் நாடித்துடிப்பைப் பாக்கிறது. ஆளைப் பாக்கிறதுக்கெண்டு வந்த பயிற்சியில இண்டைக்கு ஆளைப் பாக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை, எண்ணுறதுக்குத்தான் ஆள் நிக்குது.

அந்தப் பெடியன் ஓட்டோ ஓடுறவன். இருபத்திநாலு வயசு. உடற்பயிற்சி எண்டு ஒரு நாளும் செய்ததில்லை, சந்தியில நிண்டவனைக் கூட்டாளிமார் கூட்டிக்கொண்டு போனவங்கள். காலமைச் சாப்பாடு இல்லை, ஒரு பிளேன்ரீ குடிச்சது. திங்கட்கிழமை கையை மடக்க ஏலேல்லை, தசை நோவு எண்டு விட்டிட்டினம். இரவு சலம் கறுத்துப் போச்சு. கடும் சாயம் போட்ட பிளேன்ரீ நிறம். இது சும்மா களைப்பில்லை. பழகாத தசையை அளவுக்கு மிஞ்சி வேலை வாங்கினா தசைக் கலங்கள் உடைஞ்சு, உள்ளுக்கு இருக்கிற மையோகுளோபின் எண்ட புரதம் ரத்தத்தில கலக்கும். சிறுநீரகம் அதை வடிக்க ஏலாமல் அடைபடும். ரப்டோமயோலிசிஸ் எண்டு சொல்லுறது. வெயில் கூடினா, தண்ணி குறைஞ்சா, இன்னும் கெதியா வரும். தசை உடைஞ்சதைக் காட்டுற சி.கே. எண்ட ரத்தச் சோதனை வழமையில 200 க்குள்ள நிக்கிறது, அவனுக்கு 40,000 தாண்டினது. நேரத்துக்குக் கொண்டுபோய் சேலைன் ஏத்தினதால தப்பினான்.

இதைப் பற்றி முன்னம் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லாதேங்கோ. இந்த மாதிரிக் கடும் பயிற்சியை உலகம் முழுக்கப் பரப்பின கிறொஸ்பிற் நிறுவனத்தை கிரெக் கிளாஸ்மன் 2000 ஆம் ஆண்டு தொடங்கினவர். அவையளே இந்த வருத்தத்தை வைச்சு ஒரு கோமாளிப் படம் கீறினவை. டயலிசிஸ் மெசினோட நிக்கிற கோமாளி, பேர் “அங்கிள் றப்டோ”. அதாவது அவையளுக்கே தெரியும். 2005 இலயே தங்கட சஞ்சிகையில இதைப் பற்றி எச்சரிச்சு எழுதினவை. வீடியோவில பாத்துப் பாட்டையும் ரைமரையும் எடுத்துக்கொண்டு வந்த எங்கட தம்பிமார், அந்த எச்சரிக்கையையும் சேர்த்துக் கொண்டு வந்திருக்கலாம். தபாட்டா எண்டு சொல்லி ஐம்பது வயசு அம்மாமாரைத் துள்ள வைக்கிறதும் இப்பிடித்தான். 20 செக்கன் வேலை, 10 செக்கன் ஆறல் எண்ட அந்தக் கணக்கை 1996 இல ஜப்பானில தபாட்டா எண்ட ஆராய்ச்சியாளர் எழுதினவர். அவர் சோதிச்சது உடற்கல்வி படிச்ச இளம் ஆம்பிளைப் பெடியளை, அதுவும் நிண்ட இடத்தில மிதிக்கிற சைக்கிளில. பிறசர் குளிசை போடுற எங்கட அம்மாவை இல்லை.

இனி மற்றப் பக்கம். ஞாயிறு பின்னேரத்தில இருந்து எல்லாற்ற பதிவிலயும் ஒரே வசனம்: “தோட்டம் கொத்தினாக் காணாதோ? எங்கட அப்பு அம்மம்மா ஜிம்முக்கோ போனவை?” எனக்கு இதுதான் கூட நோகுது. என்ர அம்மா வட்டக்கச்சியில முப்பது வருசம் குனிஞ்சு நாத்து நட்டவ, களை பிடுங்கினவ, கிணத்தில அள்ளி இடுப்பில வைச்சுக் குடம் குடமாச் சுமந்தவ. ஐம்பத்தஞ்சில முழங்கால் ரெண்டும் போச்சு. நாரி நிமிராது. இப்ப குசினிக்குப் போறதுக்கும் சுவரைப் பிடிக்க வேணும். கூலி வேலைக்கு ஆறுற நாள் இல்லை, இண்டைக்குத் தோள் நோகுது நாளைக்குக் காலை மட்டும் செய்வம் எண்டு தெரிவு இல்லை. ஒரே பக்கம், ஒரே குனிவு, வருசக்கணக்கா. அது உழைப்பு. உழைப்பைக் கும்பிடுறன், ஆனா அது உடம்பைக் கட்டினது எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ, நான் அந்த உடம்புக்கு ஒவ்வொரு நாளும் எண்ணெய் தடவுறவள். இதை எழுதுறவையில எத்தினை பேர் மண்வெட்டி பிடிச்சிருக்கினம் எண்டும் எனக்குத் தெரியும்.

பொம்பிளையள் கிறவுண்டில துள்ளுறது வடிவில்லை எண்டு எழுதினவைக்கு நான் பதில் எழுத மாட்டன். அவையளை நேற்றே புளொக் பண்ணிட்டன்.

“நீ என்ன டொக்டரோ?” எண்டு ஒரு அண்ணை கேட்டிருந்தார். இல்லை அண்ணை, முன்பள்ளி ரீச்சர். மூண்டு வயசுப் பிள்ளையை ஊஞ்சலில ஏத்த முன்னமும் நாங்கள் பயப்பிடுறியோ எண்டு கேக்கிறனாங்கள்.

“இதால எத்தினையோ பேர் நல்லாப் போயிருக்கினம், ஒராளுக்கு நடந்ததை வைச்சு எல்லாத்தையும் குழப்பாதேங்கோ” எண்டதும் வந்தது. ஓம், நல்லாப் போனவையில நானும் ஒராள், மேல எழுதினன். சரியாச் சொல்லிக் குடுக்கிற இடங்களில காயப்படுற அளவு மற்ற விளையாட்டுகளை விடப் பெரிசாக் கூட இல்லை எண்டுதான் ஆய்வுகளும் சொல்லுது. தோள், நாரி, முழங்கால், இந்த மூண்டும்தான் கூட அடிபடுறது. அதுக்கெண்டு சாகுமட்டும் செய்யத் தேவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 இல சொன்னது கிழமைக்கு 75 முதல் 150 நிமிசம் கடும் பயிற்சி, இல்லாட்டி 150 முதல் 300 நிமிசம் நடுத்தரப் பயிற்சி, அதோட ரெண்டு நாள் தசைக்கு. ஒரு காலமையில நூறு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அதுவும் எங்க? வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயோட சனம் கிளினிக்கில வரிசையில நிக்கிற பிரதேசத்தில. ஒரு கேன் தண்ணி கூட வைக்காமல்.

சரி, மனவலிமை. இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருதில்லை. தம்பிமார், நீங்கள் கெட்ட பிள்ளையள் இல்லை எண்டு எனக்குத் தெரியும். பெடியள் போதையில விழாமல் ஏதாவது செய்வம் எண்டுதான் தொடங்கினனியள், உங்கட முதல் பதிவைப் பகிர்ந்தவையில நானும் ஒராள். ஆனா சண்டை முடிஞ்ச மே மாசத்தில, இந்த மண்ணில நிண்டுகொண்டு, ஆருக்கு மனவலிமை இல்லை எண்டு எழுதுறியள்? 2009 இல, சண்டையின்ர கடைசி மாசங்களில மாத்தளனில கஞ்சிக்கு வரிசையில நிண்ட சனம் இது. அண்டைக்கு என்ர அம்மா என்னைத் தோளில ரத்தத்தோட இழுத்துக்கொண்டு நடந்தவ, அதே முழங்காலோட. அந்தப் பொய்க்கால் அக்கா ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளில நாலு கிலோமீற்றர் வாறவ. எங்களுக்கு அலுத்துப் போனதே அந்தச் சொல்தான். வந்தவன் போனவன் எல்லாம் தாங்கு, தாங்கு எண்டு சொல்லித் தாங்கித்தான் இவ்வளவு காலமும். நோகுது எண்டு சொல்லி நிப்பாட்டுறதுக்கு ஒரு இடம் வேணும் எண்டுதான் நான் அந்த வட்டத்துக்குப் போறன். அங்க ஒருத்தி கையைத் தூக்கினா எல்லாரும் நிண்டு தண்ணி குடிப்பம். ஒருத்தரும் சிரிக்கிறேல்லை. உங்கட வீடியோவில அவன் விழுந்தாப்பிறகு ஆரோ சிரிக்கிற சத்தம் கேக்குது, அதை ஏன் வெட்டாமல் போட்டனியள்?

“அவன் வளந்த பெடியன், தானாத்தானே வந்தவன், ஏலாட்டி நிப்பாட்டியிருக்கலாமே” எண்டு கீழ எழுதியிருந்தியள். நேற்றுப் பின்னேரம் வார்டுக்குப் போனனான். தாய் கட்டில் கால்மாட்டில இருந்தவ. சலம் அளக்கிற போத்திலைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில பிடிச்சு, “பாருங்கோ ரீச்சர், தெளிஞ்சு வருது” எண்டு காட்டினவ. அவனுக்கு இன்னும் கை மடங்கேல்லை, தாய்தான் இடியப்பம் தீத்தினவ. உங்கட கேள்வியைத்தான் நானும் கேட்டன். ஏனப்பன் நிப்பாட்டேல்லை?

“எழுபத்திமூண்டில கை விட்டிட்டுது அக்கா. நிப்பாட்டத்தான் பாத்தனான். எல்லாரும் எண்ணிக்கொண்டு நிண்டவை.”