0.5 சதவீதம் எல்லாருக்கும் மலிவு இல்லை

கோல்டு ஐஆர்ஏ என்பது தங்கமாகச் சேமிக்கும் அமெரிக்க ஓய்வுகாலக் கணக்கு. ‘அந்தத் தங்கத்தை வைக்கும் பெட்டகத்துக்கு ஆண்டுக்கு அதன் மதிப்பில் 0.5 சதவீதம்தானே, 150 டாலர் நிலையான கட்டணத்தைவிட மலிவு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தங்கத்தின் மதிப்பு 30,000 டாலர் வரைக்கும்தான் அந்தக் கணக்கு செல்லும். ஒரு லட்சம் டாலர் தங்கத்துக்கு 500 டாலர் ஆகிவிடும். நீங்கள் ஒரு நாணயம்கூட புதிதாக வாங்காவிட்டாலும், விலை ஏறினால் கட்டணமும் ஏறும்.

அப்புறம், உங்கள் நாணயங்களைத் தனியாக வைக்கிறார்களா, மற்றவர்களுடையதோடு சேர்த்தா என்று கேளுங்கள். தனியாக என்றால் பெரும்பாலும் கூடுதல். கணக்கை நிர்வகிக்கும் நிறுவனமான கஸ்டோடியனுக்கான கட்டணம் வேறு.

‘எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) ஒன்றைத் தொடங்கி அதன் வழியே நாணயங்களை வீட்டிலேயே வைத்தால் செலவே இல்லை’ என்றும் அவர் சொல்கிறாரே, அதுதான் வில்லங்கம். 2021 மெக்நல்டி வழக்கில் அமெரிக்க வரி நீதிமன்றம், அப்படி வீட்டில் வைத்த ‘அமெரிக்கன் ஈகிள்’ நாணயங்களைக் கணக்கிலிருந்து எடுத்ததாகவே கருதி, அவை வரிக்கு உட்பட்டவை என்று தீர்ப்பளித்தது.