மருந்தைப் பரிசோதிப்பதும் ஆராய்ச்சிதான்

வேதியியல் துறைகளில் ஒரு பேச்சு உண்டு. புதிதாக ஒரு சேர்மத்தைத் தயாரித்தால் அது ஆராய்ச்சி. கடையில் விற்கும் மருந்தைப் பரிசோதித்தால் அது லேப் டெக்னீஷியன் வேலை. கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே இரண்டையும் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி மேல், கீழ் என்று பிரிப்பது தப்பு, ஆபத்தும்கூட.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக அரசின் ஆய்வகம் அதைப் பரிசோதித்தபோது சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷத் திரவம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்.

இந்த மாதிரி சிரப்புகளில் போடும் பாராசிட்டமால் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் அதைக் கரைக்க சிரப்பில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். டைஎத்திலீன் கிளைக்காலும் பார்வைக்கும் ருசிக்கும் அதே மாதிரிதான்: நிறமில்லை, கொழகொழப்பு, இனிப்பு. மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று வழக்கமாக எச்.பி.எல்.சி. என்ற, கலவையைப் பிரித்துக் காட்டும் கருவியில் புற ஊதா ஒளி டிடெக்டர் வைத்துப் பார்ப்போம். மருந்துக்குத் திரையில் அழகாக ஒரு முகடு (பீக்) வரும், அளவும் சரியாக இருக்கும். டைஎத்திலீன் கிளைக்கால் அந்த ஒளியை உறிஞ்சுவதே இல்லை. பாட்டிலில் பாதி விஷம் இருந்தாலும் அந்தத் திரையில் அதற்கென்று ஒரு பீக் எழாது. அதைப் பிடிக்க, கலவையை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராஃபி வேண்டும். அதற்கும் முன்னால், இதில் அப்படி ஒன்று இருக்குமோ என்று சந்தேகப்படும் ஆள் வேண்டும்.

1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை இதே திரவத்தில் கரைத்து விற்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர், 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் குழந்தைகள். ஒவ்வொரு முறையும் அதே மூலக்கூறு. நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, தயாரிப்புப் பக்கம் வருவோம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் வால்சார்டன் மாத்திரைகளை 2018இல் பல நாடுகள் திரும்பப் பெற்றன. அந்த மூலக்கூறில் டெட்ரசோல் என்ற நைட்ரஜன் வளையத்தை உருவாக்கும் படியில் ஒரு சீன நிறுவனம் செய்முறையை மாற்றியிருந்தது. டைமெத்தில்ஃபார்மமைடு கரைப்பானிலிருந்து டைமெத்தில்அமீன் வந்தது. வளையத்தை உருவாக்கப் பயன்படுத்திய அசைடு என்ற பொருளின் மிச்சத்தை அழிக்கச் சேர்த்த சோடியம் நைட்ரைட்டோடு அது சேர்ந்து என்.டி.எம்.ஏ. உருவானது. புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருள் அது. வழக்கமான தரச் சோதனைகளில் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் அதைத் தேடவில்லை. அந்த வினையை எழுதிப் பார்த்து, பக்கவாட்டில் என்னவெல்லாம் வரலாம் என்று யோசிக்கத் தெரிந்தவர்தான் அதைத் தேடவும் முடியும். தயாரிக்கத் தெரிந்தவரும் அளக்கத் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருப்பது எவ்வளவு நல்லது!

நம் ஆய்வேடுகளைப் பாருங்கள். ஓர் ஆல்டிஹைடு, ஓர் அமீன், எத்தனாலில் கொதிக்கவைத்து ரிஃப்ளக்ஸ், ஷிஃப் பேஸ் என்ற புதுச் சேர்மம் தயார். சுத்தம் பார்க்கும் டி.எல்.சி. தகட்டில் ஒற்றை ஸ்பாட். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனைக்கு வெளியே அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பு. நாலு பாக்டீரியாமேல் சோதனை, புரதத்தில் அது எப்படிப் பொருந்தும் என்று கணினியில் போட்ட டாக்கிங் படம், அப்புறம் பேப்பர். இந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கைப்பழக்கமும் பொறுமையும் அங்கேதான் வருகின்றன. ஆனால் அந்தச் சேர்மத்தோடு கூடவே வந்த அசுத்தம் எது, வெயிலிலும் ஈரத்திலும் வைத்தால் அது எதுவாக உடைகிறது என்ற கேள்விகள் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அபூர்வமாகத்தான் எழுகின்றன. கேட்க ஆரம்பித்தால் மாணவர்கள் செய்துவிடுவார்கள்.

1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து வாங்கிய மருந்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். கல்லூரி ஆய்வகத்தின் முடிவு நீதிமன்றத்துக்குப் போதாமல் இருக்கலாம். எந்த பாட்டிலை அங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லவாவது அது போதும். வாயு குரோமட்டோகிராஃபி கருவி இருக்கிற துறைகள், அடுத்த எம்.எஸ்சி. புராஜெக்ட்டில் ஒன்றையாவது குழந்தைகள் குடிக்கும் சிரப்புகளுக்கு ஒதுக்குங்கள். கைடுகள் அந்தத் தலைப்பைச் சின்ன வேலை என்று தள்ளிவிடாதீர்கள்.